அக்காவின் வாய்தாச் சீட்டுகள்

சென்ற மாதம், அக்காவின் காரியம் முடிந்தபிறகு, அவள் மகள் வந்து ஒரு துணிப்பொதியை என் மடியில் வைத்தாள். "அம்மைக்க பெட்டியில இருந்திச்சு சித்தி. என்னதுன்னு எங்களுக்கு ஒண்ணும் தெரியல்ல" என்றாள். அவிழ்த்தால், விரலகலத்தில் கிழித்த காகிதத் துண்டுகள். பழுப்பேறி, மடித்த இடமெல்லாம் நைந்து, ஒவ்வொன்றிலும் மலையாள எழுத்தில் ஒரு மாதமும் ஒரு நாளும். துலாம், விருச்சிகம், மகரம். எனக்கு ஒரு கணம்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத என் அக்கா இத்தனை காலமும் பத்திரப்படுத்தியிருந்தது வாய்தாச் சீட்டுகளை. நான் அவள்மேல் போட்ட வழக்கின் வாய்தாச் சீட்டுகள்.

காகிதப்படி நான் வாதி, அக்கா பிரதிவாதி. உண்மையில் அந்தப் பாகப்பிரிவினை வழக்கை என் பெயரில் போட்டவர் தக்கலையில் ஜவுளிக்கடை வைத்திருந்த என் கணவர். அக்கா பெயரில் பதில் போட்டவர் தோவாளையில் நெல்லும் பூவும் விளைவித்த அத்தான். எங்கள் அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. சாகும் முன் வீட்டையும் அதை ஒட்டிய தென்னந்தோப்பையும் எங்கள் இருவருக்கும் சேர்த்து எழுதி ரெஜிஸ்டர் செய்திருந்தார். யாருக்கு எது என்று எல்லை சொல்லவில்லை. பிள்ளைகள் பிரியக்கூடாது என்று நினைத்திருப்பார், பாவம். அவர் போன மறுவருஷமே அத்தான் கேட்காமல் தேங்காய் வெட்டினார். என் கணவர் போய் வீட்டுக்குப் பூட்டுப் போட்டார். அதோடு போக்குவரத்து நின்றது. அவள் வாசலை மிதித்தால் இங்கே திரும்பி வராதே என்று எனக்கு உத்தரவு. அங்கேயும் அதே உத்தரவுதான். அம்மா இல்லாத வீட்டில் எனக்குத் தலைவாரிவிட்டு, தான் அடுக்களையில் நின்று என்னை மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் அவள். அவள் முகத்தைப் பார்க்காமலே ஒரு வருஷம் ஓடியது.

முதல் வாய்தா அன்று நாகர்கோவில் கோர்ட் வளாகத்து வாகை மரத்தடியில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். எந்த முகத்தோடு பேசுவது என்று நான் தயங்க, அவளே நேராக வந்தாள். "ஏட்டி, என்ன இப்பிடி மெலிஞ்சு போயிட்ட? சோறு திங்கியா இல்லியா?" என்றாள். நான் அங்கேயே அழுதுவிட்டேன். அவள் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, தோட்டத்துப் பிச்சிப்பூவை என் தலையில் வைத்துவிட்டாள். என் வக்கீல் அதைப் பார்த்துவிட்டார். "பிரதிவாதி குடுத்த பூவத் தலையில வச்சுக்கிட்டா வாதி கோர்ட்டுக்குள்ள வரப்போறிய? நல்லா இருக்கும்!" என்றார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இந்த மாதிரி வழக்கில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கட்சிக்காரர் வர வேண்டியதில்லை, வக்கீல் போதும் என்று அன்றே அவர் சொன்னார். நான் அதை வீட்டில் சொல்லவில்லை. ஆளே வந்து நிற்க வேண்டுமாம் என்று சொன்னேன். கடையை விட்டு வர முடியாதவர், போய்விட்டு வா என்றார். அக்காவும் தோவாளையில் அதே பொய்யைச் சொல்லியிருந்தாள். நாங்கள் பேசி வைத்துக்கொண்டதல்ல. ஒரே அடுக்களையில் வளர்ந்தவர்களுக்குப் பொய்யும் ஒரே மாதிரிதான் வரும் போலிருக்கிறது.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகி, நம் பக்கத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று தெருவெல்லாம் கூட்டம் நடந்த காலம் அது. எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. வாய்தா எப்போது என்பதுதான் என் கவலை. அக்கா முந்திரிக்கொத்து சுட்டுக் கொண்டுவருவாள். நான் கடைத்துணியில் அவள் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொண்டுபோவேன். கேஸ் கூப்பிட்டு முடிந்ததும் வக்கீலின் குமாஸ்தா அடுத்த தேதியைச் சீட்டில் எழுதி ஆளுக்கொன்று தருவார். அக்காவுக்கு வேறு வக்கீல்தான், ஆனாலும் சீட்டு இவர் கையால்தான். அக்கா தன்னுடையதை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொல்லி, விரல்விட்டு எண்ணுவாள். "அம்மாடி, நாப்பது நாளா?" என்று பெருமூச்சு விட்டு முந்தியில் முடிந்துகொள்வாள். திரும்பும் பஸ் தக்கலையை நெருங்கும் முன் நான் பூவை எடுத்து ஜன்னல் வழியே போட்டுவிடுவேன். ஒருமுறைகூட அது வாடும்வரை என் தலையில் இருந்ததில்லை.

ஒருநாள் வக்கீல் பொறுமையிழந்து எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். கோர்ட் அனுப்பும் கமிஷனர் வந்து சங்கிலி போட்டு அளந்தால் கோர்ட்டே இரண்டு பாகமாகப் பிரித்துக் கொடுக்கும். பிரிக்க முடியாதென்றால் ஏலத்துக்கு விடும். அதெல்லாம் வேண்டாம் என்றால், ஒருவருக்கு வீடு, மற்றவருக்குத் தோப்பு என்று ராஜி எழுதி அடுத்த வாரமே முடித்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுல எதுக்கு ரொம்ப நாளாவும்?" என்று கேட்டேன். தாமதத்துக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்து, "கமிஷன்தான் இழுக்கும். ராஜி போட்டிருங்க" என்றார். "கமிஷனே வரட்டும்" என்றாள் அக்கா. எங்களைப்போல வம்புபிடித்த கட்சிக்காரர்களை அவர் அதுவரை பார்த்ததில்லையாம்.

நாங்கள் நான்கு வருஷம் இழுத்ததை ஆண்கள் இருவரும் ஒரு கல்யாணப் பந்தியில் முடித்துவிட்டார்கள். பக்கத்துப் பக்கத்து இலை. பாயசம் வருவதற்குள் வீடு எனக்கு, தோப்பு அக்காவுக்கு என்று பேசியாயிற்று.

ராஜியில் கையெழுத்துப் போடும் அன்று இருவரும் கூடவே வந்தார்கள். நான் ஒரு பக்கம், அக்கா மறுபக்கம். அவள் மடியில் வாழையிலைப் பொட்டலம் இருந்தது, எடுக்கவே இல்லை. ஒருவர் பாகத்தில் மற்றவருக்கு இனி யாதொரு பாத்தியமும் இல்லை என்று வக்கீல் வாசித்தார். நான் பேனாவால் கையெழுத்திட்டேன். அக்கா பெருவிரலை உருட்டினாள். எல்லாரும் எழுந்தபோது, மைக்கறை துடைக்காத கையை அவள் குமாஸ்தாவிடம் நீட்டினாள்.

"சீட்டு?"

"கேஸ் முடிஞ்சாச்சுல்லாம்மா. இனி வாய்தா கெடையாது."

அக்கா கையை மடக்கவில்லை. "வெறுஞ்சீட்டுன்னாலும் ஒண்ணு தாருங்க" என்றாள். அத்தான் சிரித்தார், என் கணவரும் சிரித்தார். குமாஸ்தா ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்தார். அவள் அதை முந்தியில் முடிந்துகொண்டு, என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் படியிறங்கினாள்.

வழக்கு முடிந்தால் உறவு திரும்பும் என்று ஊரில் சொன்னார்கள். தேங்காயைத் தீர்த்துக்கொண்டவர்கள், கோர்ட் ஏறிய மானக்கேட்டைத் தீர்த்துக்கொள்ளவில்லை. உத்தரவு அப்படியே இருந்தது. மீறியிருக்கலாம், நான் மீறவில்லை. அதன்பிறகு அக்காவைச் சாவு வீடுகளில், கூட்டத்துக்கு நடுவில் பார்த்ததுதான். தனியாக உட்கார்ந்து பேசக் கிடைக்கவேயில்லை. அவளோடு அந்த மரத்தடியில் இன்னும் ஒரு மத்தியானம் கிடைக்குமென்றால், எனக்கு வந்த வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் எழுதிக் கொடுப்பேன்.

சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்து அக்கா மகளிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒன்று மிச்சமிருந்தது. "இதுல ஒண்ணும் எழுதலியே சித்தி" என்றாள் அவள்.

எழுதவில்லைதான். அன்றைக்கு என் கையில் பேனா இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு மூடாமல் வைத்திருந்தேன். ஏதாவது ஒரு தேதியை எழுதிக் கொடுத்திருந்தால், அக்கா யாரிடமாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அன்றைக்குப் பிச்சிப்பூவோடு வந்து நின்றிருப்பாள்.