வேலை செய்துவிட்ட கருவி

எங்கள் அக்காவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. செய்து பார்க்காத எதையும் எழுதமாட்டாள்.

மண்ணுக்கடியில் தண்ணீர்க் குழாய் எங்கே கசிகிறது என்று தோண்டாமலே சத்தத்தை வைத்துச் சொல்லும் கருவி ஒன்றைச் செய்வதற்காக, இருந்த நல்ல வேலையை விட்டாள். நிறுவனம் என்றால் கார் ஷெட்தான். ஊழியர்கள் அவளும் நானும். அத்தான் பொறுமைசாலி. "டிசம்பர் வரைக்கும் பாரு. அரசாங்க ஆராய்ச்சி நிதி கிடைக்கலன்னா மூடிட்டு வேற வேலைக்குப் போ" என்று மட்டும் சொன்னார்.

நிதி தேடினோம். முதலாவது முப்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, அக்காவுக்கு நாற்பத்தொன்று. இரண்டாவதற்குப் பல்கலைக்கழகக் கூட்டாளி வேண்டும். மூன்றாவது கச்சிதமாகப் பொருந்தியது, கடைசித் தேதி முந்தின நாளோடு முடிந்திருந்தது. நாலாவதில் சிக்கினோம். நாற்பத்தாறு பக்க விண்ணப்பம். பதினெட்டு மாதத்தில் எந்த மாதம் எதைக் கண்டுபிடிப்பீர்கள் என்று முன்கூட்டியே எழுத வேண்டும். கண்டுபிடிக்காததற்குத் தேதி போடுவது ஒரு கலை; எனக்குச் சரளமாக வந்தது.

"மூணாம் மாசம் இரைச்சலை வடிகட்டுவோம்னு எழுதட்டுமாக்கா?"

"இரு, வருதான்னு பாத்துட்டுச் சொல்றேன்."

தோட்டத்தில் ஓட்டைக் குழாயைப் புதைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு குந்திவிட்டாள். மூன்றாம் மாத வேலை நாலு நாளில் முடிந்தது. நாற்பத்தாறாம் பக்கம் வந்தபோது கருவியே வேலை செய்தது. பெருமை தாங்காமல் சோதனை முடிவுகளையும் இணைத்து அனுப்பினாள். என் புத்தியும் புல் மேயப் போயிருந்தது.

நேர்காணலில் அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்.

"மேடம், இது வேலை செய்யுதே?"

"ஆமா சார், பத்துல ஒன்பது தடவை."

"அப்போ ஆராய்ச்சி எங்க இருக்கு? முடிஞ்ச வேலைக்கு நிதி தர விதியில்லையே."

விற்கலாமே என்பீர்கள். வாங்கவேண்டிய குடிநீர் அலுவலகம், அரசு நிதி பெற்ற கருவியைத்தான் கையால் தொடுமாம்.

"கருவில ஒரு ஒயரைக் கழட்டிட்டு அடுத்த வருஷம் திரும்ப விண்ணப்பம் போடலாம்க்கா" என்றேன். அக்கா முறைத்த முறைப்பில் ஒயர் இருந்த இடத்திலேயே இருந்தது. டிசம்பரில் பெயர்ப்பலகையைக் கழற்றினோம். அக்கா அழுதாள்.

ஜனவரியில் ஒரு போன். அந்த நிதியை வாங்கிய நிறுவனம். அவர்கள் கருவி இதுவரை ஒரு கசிவையும் கண்டுபிடித்ததில்லை, தகுதியே அதுதான். ஆராய்ச்சியாளர் வேலைக்கு அக்காவைக் கூப்பிட்டார்கள். வேறு வழியில்லை, போனாள்.

முதல் நாளே முதலாளி தனியாக அழைத்துச் சொன்னாராம்:

"உங்களுக்கு இது தெரியும்னு எங்களுக்குத் தெரியும் மேடம். நிதி முடியற வரைக்கும் மட்டும் தயவுசெஞ்சு கண்டுபிடிச்சிடாதீங்க."