மேட்டுப்பாளையம் போன ஒன்பது உருப்படிகள்

கோயம்புத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் மேட்டுப்பாளையம் என்று ஓர் ஊர் இருப்பது என் அப்பாவுக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும், பம்பாயில் எங்கள் வீட்டுச் சாமான்களை லாரி பார்சலில் பதிவு செய்தபோது, புதுச்சேரியில் இன்னும் வீடு அமையவில்லை என்பதால், தாம் சேரவிருந்த தொழிற்சாலையின் முகவரியைக் கொடுத்தார். அது புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் இருந்தது. பாண்டிச்சேரியும் மதராஸும் ஒன்றே என்று உறுதியாக நம்பிய குமாஸ்தா, ஊர்ப்பெயருக்குப் பின்னால் ‘தமிழ்நாடு’ என்று எழுதி முத்திரை குத்தினார். அப்பா அதை நிதானமாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார்.

பம்பாயில் அப்பாவின் மில் மூடிவிட்டதால் நாங்கள் ஊர் மாறினோம். அப்பா பிறந்தது இங்கே, புதுச்சேரியில். அம்மா பிறந்து வளர்ந்ததெல்லாம் பம்பாய். எனக்கு ஒன்பது வயது. நெல்லித்தோப்பில் வாடகைக்கு வீடு பிடித்துவிட்டோம்; எங்களுக்கு முன்பே தொழிற்சாலைக்கு வந்து காத்திருக்க வேண்டிய ஒன்பது உருப்படிகளும் வந்து சேராமல், கோயம்புத்தூர் மேட்டுப்பாளையத்துக்குப் போய்விட்டிருந்தன. அம்மா சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதிய பட்டியல் மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது. நான்காம் உருப்படி: மண்ணெண்ணெய் ஸ்டவ், பாத்திரங்கள், அம்மிக்கல். கல்லைக்கூட அம்மா விட்டுவரவில்லை.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற வீட்டுக்காரர், எங்கள் நிலையைப் பார்த்து ஒரு வாளியும் ஒரு நாற்காலியும் கொடுத்தார். வாளியை அம்மா எடுத்துக்கொண்டாள். நாற்காலியை அத்தை எடுத்துக்கொண்டாள்.

அத்தை அப்பாவின் அக்கா; அப்பாவைத் தூக்கி வளர்த்தவள். மாமா இறந்து, மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டு, அரியாங்குப்பத்தில் சொந்த வீட்டில் தனியாக இருந்தாள். எங்களிடம் அடுப்பில்லை என்று தெரிந்த நாள் முதல், நான்கு அடுக்குத் தூக்கில் சோறும் மீன் குழம்புமாகப் பகல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். காலை ஷிப்ட் முடிந்து வரும் அப்பா சாப்பிட்டு எழும்வரை நாற்காலியை விட்டு அசையமாட்டாள், பேச்சையும் நிறுத்தமாட்டாள்.

“பம்பாய்க்காரிக்கு மீன் ஆயத் தெரியுமாடா தம்பி? பதினாலு வருசமா இன்னாத்த துன்ன நீ? எலும்பா பூட்டியே!”

அப்பா பதில் சொல்லாமல் சாப்பிட்டார். அந்த மௌனத்தைத்தான் அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

“ஒரு ஸ்டவ் வாங்கிக் குடுங்களேன். நானே பொங்கிக்கறேன்,” என்பாள் அம்மா.

“நாளைக்கு வரப்போற பொருளுக்கு இன்னைக்கு எதுக்கு இன்னொண்ணு?” என்பார் அப்பா. “வாங்கினாலும் ரேஷன் கார்டு மாத்தாம மண்ணெண்ணெய் எங்க கிடைக்கும்?”

இரண்டும் நியாயமான கேள்விகள். நியாயமாகப் பேசும் மனிதரோடு சண்டையிடுவதைப் போல அலுப்பூட்டும் வேலை வேறில்லை. அம்மா தன் எரிச்சலையெல்லாம் லாரிக்காரன் மீதும், குமாஸ்தா மீதும், ஒரே பெயரை இரண்டு ஊர்களுக்கு வைத்தவர்கள் மீதும் கொட்டினாள். கூட்டுவதற்கு எதுவும் இல்லாத அறையை மூன்று முறை கூட்டினாள். துடைப்பமும் எங்களுடையதல்ல.

ஏழாம் நாள் அத்தை தீர்ப்புச் சொன்னாள்.

“வர்ற ஞாயித்துக்கெழமவரிக்கும் பாப்போம். வரலன்னா வூட்ட காலி பண்ணிட்டு நம்ம வூட்டுக்கே வந்துடுங்க. அவ்ளோ பெரிய வூட்ல நான் ஒருத்தி இன்னா பண்றேன்?”

அப்பா தலையாட்டினார். மறுக்க அம்மாவிடம் ஒரு சட்டிகூட இல்லை. தன் பெயருக்கு ஓர் அடுப்பு வேண்டும் என்பதற்காகவே, பம்பாயில் மாமியார் வீட்டைப்போல நடந்துகொண்ட தன் தாய்வீட்டையே விட்டுத் தனிக்குடித்தனம் போனவள் அவள். அன்று முதல் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “வந்துச்சா?” என்றாள். “நாளைக்கு” என்றார் அவர். புதன், வியாழன், வெள்ளி. எல்லா நாளும் நாளை.

சனிக்கிழமை அப்பா சாப்பிட்டு எழுந்ததும் அம்மா என்னையும் அவரோடு பார்சல் அலுவலகத்துக்கு அனுப்பினாள். “நீ போ. அங்க என்ன சொல்றாங்கன்னு ஒரு எழுத்து விடாம வந்து சொல்லு.”

அலுவலகத்துக்காரர் அப்பாவைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

“வாங்க சார். புதன்கெழம வந்து பாத்துட்டு, அப்பால வந்து எடுத்துக்கறேன்னு போனீங்களே, எப்போ எடுப்பீங்க? நடக்க வழியில்ல எங்களுக்கு!”

அவருக்குப் பின்னால் எங்கள் ஒன்பது உருப்படிகளும் சுவரோடு அடுக்கிக் கிடந்தன. அப்பா என்னைப் பார்க்கவில்லை. தள்ளுவண்டி பேசி ஏற்றினார். வழியில் எனக்கு ஒரு கோலி சோடா வாங்கித் தந்து, “அம்மாகிட்ட இதையெல்லாம் சொல்லணும்னு இல்ல,” என்றார். சோடாவைக் குடித்தேன். சொல்லவும் செய்தேன்.

அடுக்களையில், நான்காம் உருப்படியின் சாக்கைப் பிரித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. வீடு அதிரப்போகிறது என்று கதவோரம் ஒதுங்கினேன்.

“புதன்கிழமை அத்தை என்ன கொண்டு வந்தாங்க?” என்றாள்.

“சுறாப்புட்டு.”

“வியாழக்கிழமை?”

“சங்கரா மீன் குழம்பு.”

“அப்பா?”

“ரெண்டு நாளும் தட்டை வழிச்சுச் சாப்பிட்டாரு.”

ஸ்டவ்வை வெளியே எடுத்துச் சுவரோரம் வைத்தாள். பிறகு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அன்று பஸ்ஸுக்குப் போகாமல் காத்திருந்த அத்தை தூக்கை மடியில் வைத்தபடி, வந்திறங்கிய மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு பேச்சின்றி உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணி, நாளைக்கு மீன் வாங்கிட்டு வந்துடுங்க,” என்றாள் அம்மா. “நீங்களே நம்ம ஸ்டவ்ல குழம்பு வைங்க. நான் அரைச்சுத் தர்றேன்.”

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். “அம்மி இருக்குதா?”

“இருக்கு அண்ணி. பம்பாய்ல இருந்து வந்திருக்கு.”

“அட கஷ்டமே! கல்ல போயி எவளாவது தூக்கினு வருவாளா?” என்று தலையில் அடித்துக்கொண்டாள் அத்தை. அடித்துக்கொண்ட பிறகு சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை, தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த மண்ணெண்ணெயை ஊற்றி, எங்கள் ஸ்டவ்வில் வஞ்சிரம் குழம்பு வைத்தாள். அம்மா அருகில் உட்கார்ந்து மிளகாய் அரைத்தாள், புளி எவ்வளவு என்று கேட்டாள், திட்டு வாங்கினாள். அரியாங்குப்பத்துக்கு வந்துவிடுங்கள் என்ற பேச்சை அத்தை அன்றும் எடுக்கவில்லை, அதன் பிறகும் எடுக்கவில்லை. ஆனால் எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பன்னிரண்டு நாள் ஏங்கிக் கிடைத்த அடுப்பில் முதல் உலையையே அம்மா இன்னொருத்திக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள். குற்றவாளியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா தோற்றுப்போனாள் என்று எண்ணி, அந்தக் குழம்பைத் தொடாமல் வெறும் சோறு தின்றேன்.