ரோஜாத் தட்டும் வேலம்மாவின் ஆணியும்

காலி டின்னைக் கவிழ்த்து, அடியில் ஆணியை வைத்து, ஓங்கி ஒரு போடு. பிறகு அடுத்த டின். புக்கிட் ரோத்தான் பக்கம் எங்கள் தோட்டத்தில், புல்லுக்கு அடிக்கும் மருந்து தீர்ந்ததும் வேலம்மா செய்கிற முதல் வேலை இதுதான். "ஓட்ட போடலன்னா எவளாச்சும் அரிசி போட்டு வைக்க லயத்து வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவா லா" என்பாள்.

பதினாறு வருடமாக மருந்து கலக்குகிறவள். அந்த மருந்து நல்ல நீலம். "வெசம் பாக்க அழகாத்தான் இருக்கும்" என்று சொல்லிச் சொல்லி, பளிச்சென்ற நிறம் எதையும் நம்பமாட்டாள். அவள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டெல்லாம் எவர்சில்வர். காப்பிக்குப் பூவில்லாத வெள்ளைப் பீங்கான். கடைக்குப் போனால் மடியில் அரை எலுமிச்சை இருக்கும். சாயம் போகிறதா என்று பூப்போட்ட தட்டில் தேய்த்துப் பார்ப்பாள். கடை முதலாளி சீனத் தவுக்கே தலையில் அடித்துக்கொள்வார்.

நானும் சிரித்தவள்தான். நான் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி குமாரசிங்கத்தின் மனைவி. ஞாயிறுகளில் வேலம்மா எனக்கு வீட்டு வேலையில் உதவ வருவாள். அப்படி வந்த ஒரு நாள், என் மூன்று வயது மகள் வாகீஸ்வரி எனாமல் பூசிய தகர மங்குத் தட்டில் ரசஞ்சோறு சாப்பிடுவதைப் பார்த்து நின்றுவிட்டாள். தட்டின் நடுவே பெரிய சிவப்பு ரோஜா.

"கிராணியம்மா, தெனமும் இதுலயா புள்ளைக்கு ரசம்?"

"ஓம். சோறு முடிஞ்சால் பூ தெரியும் எண்டுதான் வாயைத் திறக்கிறாள்."

வேலம்மா தட்டைக் கழுவி, எலுமிச்சைச் சாறு ஊற்றி ஜன்னலில் வைத்தாள். மாலையில் வெள்ளைத் துணியால் துடைத்தாள். துணி சிவந்தது.

ஒரு வருடமாக அந்தத் தட்டு! கிள்ளானில் டாக்டர் குழந்தைக்கு இரத்தம் எடுத்தார். சாயத்தில் ஈயம் இருக்கலாம், முடிவு தபாலில் வரும் என்றார். இரண்டு வாரம். பிள்ளை கொட்டாவி விட்டாலும் பயந்தேன். வேலம்மா தினமும் வேலை முடிந்து வருவாள். மருந்துபட்ட உடுப்போடு படியேறமாட்டாள், கீழே நின்றே கேட்பாள்: "சீட்டு வந்துச்சா?"

ஒரு செவ்வாய்க்கிழமை சீட்டு வந்தது. பயப்பட ஒன்றுமில்லை. நான் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்படியொரு நிம்மதி எனக்கு அதற்குமுன் வந்ததில்லை.

"அழுவாதீங்க. இனிமே பூவு தலையில இருந்தாப் போதும், தட்டுல வேணாம்" என்றாள் வேலம்மா. சொல்லும்போது அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

வாகீஸ்வரிக்கு இப்போது எவர்சில்வர் தட்டு. அதில் தன் முகம் தெரிய வேண்டுமென்று வழித்துச் சாப்பிடுகிறாள். ஆனால் சீட்டு வந்த அன்று ரோஜாத் தட்டை நான் குப்பைத் தொட்டியில் போடப்போனபோது, வேலம்மா தடுத்துவிட்டாள்.

"அப்படியே போட்டா எவளாச்சும் எடுத்துட்டுப் போவா லா."

தட்டைப் படியில் கவிழ்த்தாள். மடியிலிருந்து ஆணியை எடுத்து நடுவில் வைத்தாள். அது அம்மா என் கலியாணத்துக்குத் தந்த தட்டு, அவளுக்கும் தெரியும். ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் குனிந்து தட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வாசலில் கிடந்த கல்லை எடுத்து ஓங்கினாள்.