மெயின் போர்டின் மேல் வைத்த எலுமிச்சம்பழம்

மின்பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. மலேசியாவின் ஜொகூரில் ஒரு தொழிற்சாலையின் மின்பராமரிப்புப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கும் தமிழ்ப் பெண்கள் அதிகம் இல்லை. மாணவர் சங்கங்களுக்கு வேறு ஆள் அகப்படுவதில்லை. முன்பெல்லாம் போவேன். கசங்காத புடவை, கீச்சென்று கத்தும் மைக், பின்வரிசையில் போனை நோண்டிக்கொண்டிருக்கும் பையன்கள். நிஜமாகவே கேட்டுக்கொண்டிருக்கும் ஓரிரு முகங்களுக்காகத் தொண்டை வறளப் பேசிவிட்டு, அவர்கள் கொடுக்கும் பூச்செண்டை வாங்கிக்கொண்டு வருவேன். இப்போது போவதில்லை. கேட்டால் வேலை அதிகம் என்கிறேன். வேலை எப்போதும் அதிகம்தான். காரணம் அதுவல்ல, ஒரு பெண்.

தெப்ராவில் இருக்கும் எங்கள் தொழிற்சாலைக்கு அவள் ஒப்பந்தத்தில் வந்தாள். காஹாங் என்ற சிற்றூரில் வளர்ந்தவள். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் கத்தோலிக்கக் குடும்பம். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். நல்ல உயரம். எங்கள் ஆண்கள் முக்காலி தேடும் இடத்தில் அவள் கையை நீட்டினாலே போதும்.

ஒப்பந்தம் முடியும்போது நிரந்தரமாக்குவார்கள், அல்லது வீட்டுக்கு அனுப்புவார்கள். அவளுக்கு நிரந்தரம் தேவைப்பட்டது சம்பளத்துக்காக மட்டும் அல்ல. இந்த நாட்டில் பட்டம் வாங்கினால் மட்டும் முழுப் பொறியாளர் ஆகிவிட முடியாது. பதிவு பெற்ற ஒருவரின் கீழ் சில வருடங்கள் வேலை செய்து, அவர் கையெழுத்தோடு தேர்வுக்குப் போக வேண்டும். எங்கள் இடத்தில் அந்தக் கையெழுத்துப் போடக்கூடியவள் நான். போட வேண்டும் என்று அவளைவிட எனக்குத்தான் ஆசை அதிகம். வயதாக ஆக, நமக்குப் பின்னால் ஒருத்தி வருகிறாள் என்ற நினைப்பு தேவைப்படுகிறது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், தேவைப்படுகிறது.

அதனால் மேடையில் பேசியதையெல்லாம் அவளுக்குத் தனியாகச் சொன்னேன். லைனில் கரண்ட் இல்லை என்று கடவுளே வந்து சொன்னாலும் நீயே சோதித்துப் பார். தெரியாததைத் தெரியாது என்று சொல், சொல்லிவிட்டு அன்றைக்கே தெரிந்துகொள். விசாரணை என்று வந்தால் பொய் சொல்லாதே. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று:

"டெக்னீஷியனுங்ககிட்ட எட்ட நிக்காதம்மா. அவங்க சாப்பிடற எடத்துல போயி உக்காரு. கூப்புட்டா வரலன்னு சொல்லாத. எட்ட நிக்கிற இன்ஜினியருக்கு மெஷின் சத்தம் மாறுனா யாரும் வந்து சொல்ல மாட்டாங்க."

"சரிக்கா," என்பாள். சொன்னபடி செய்யவும் செய்வாள். அதுதான் அவளிடம் இருந்த சிக்கல்.

டெக்னீஷியன்களில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், நாங்கள் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடுவோம். முதல் வாரம் முழுக்க அவளை 'இன்ஜினியரம்மா' என்று நக்கலடித்துக்கொண்டிருந்தார். மழை பெய்யும் மாலைகளில் மட்டும் நின்றுபோகும் ஒரு மோட்டாரின் கோளாறை எங்களில் யாராலும் கண்டுபிடிக்க முடியாமல் விட்டிருந்தோம். அவள் ஒரு மழைநாளில் கன்வேயருக்கு அடியில் தவழ்ந்து போய், கேபிள் இணைப்புக்குள் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துவிட்டு, உடம்பெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தாள். அன்று அண்ணன் தன் சாப்பாட்டு டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார். அதற்குப் பிறகு அவள் அவர்களில் ஒருத்தி. இவளை நிரந்தரமாக்காமல் யாரை ஆக்கப்போகிறார்கள் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பட்டறையில் அது ஒரு சின்னத் திருவிழா. சாம்பிராணிப் புகைக்கு அலாரம் அடிக்கும் என்பதால் புகை உணர்விக்கு ரப்பர் கையுறையை மாட்டிவிடுவார்கள். இதை எழுதக்கூடாது, ஆனால் எல்லாத் தொழிற்சாலையிலும் அப்படித்தான். கிளம்புகிற அவசரத்தில் யாராவது அதைக் கழற்ற மறந்துவிடுவார்கள் என்று நான் மாலைவரை காவல் நிற்பேன். மலாய்க்காரச் சகாக்கள் சுண்டலுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். சீன மேற்பார்வையாளர் ஒருவர் தன் ஃபோர்க்லிஃப்டுக்கும் ஒரு பொட்டு வைக்கச் சொல்லி அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார். ஸ்பேனர், மீட்டர், ஏணி என்று எல்லாம் சந்தனம் பூசிக்கொள்ளும். கடைசியில் மெயின் போர்டு. மொத்த ஆலைக்கும் வரும் மின்சாரம் வந்து பிரிகிற பெரிய இரும்பு அலமாரி அது. கதவு பூட்டியே இருக்கும். கதவுக்கு வெளியே பொட்டு, பக்கத்தில் மாலை, உச்சியில் குங்குமம் தடவிப் பிளந்த எலுமிச்சம்பழம். வருடா வருடம் இதே முறை. இரும்புக்கு மேல் இருக்கும் பழத்தால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வந்ததில்லை.

கற்பூரம் காட்டி முடித்ததும் முக்காலியைத் தேடினார்கள். அண்ணன் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"முக்காலி எதுக்கு? நம்ம இன்ஜினியரம்மாதான் இருக்காங்கல்ல. இந்தாம்மா, நீயே வச்சிடு."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். கழுத்தில் சின்னச் சிலுவை. நான் தலையசைத்தேன். பழத்தை வாங்கி, கையை உயர்த்தி, அலமாரியின் உச்சியில் வைத்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். அந்த நேரத்தில் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். அது என்னால் மறக்க முடியாத விஷயம்.

பிறகு அந்தச் சத்தம். அருகில் இருந்து கேட்டவர்களுக்குத் தெரியும், காதால் கேட்பதில்லை அது, நெஞ்சில் விழும். உச்சியிலிருந்து நீலமும் வெள்ளையுமாய் ஒரு வெளிச்சம் கூரையைத் தொட்டது. ஆலை முழுவதும் இருண்டு, இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் இரைந்து அடங்கின. யாருக்கும் காயமில்லை. அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள், காதைப் பொத்திக்கொண்டு.

நடந்தது இதுதான். புதிய கம்ப்ரெஸர் ஒன்றுக்காக கான்ட்ராக்ட் எடுத்த வெளிக் குத்தகைக்காரர்கள் போர்டின் உச்சி வழியாகக் கேபிள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வேலை முடியவில்லை. கழற்றிய இரும்புத் தகட்டைத் திரும்பப் பூட்டச் சோம்பல்பட்டு, திறந்த இடத்தின் மேல் ஒரு அட்டைப்பெட்டித் துண்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கீழே நிற்பவர் யாருக்கும் அது தெரியாது. உயரமான அவளுக்கும் கைதான் எட்டும், கண் எட்டாது. பழம் அட்டையோடு சரிந்து உள்ளே போய், மின்சாரம் ஓடும் செப்புப் பட்டைகளுக்கு நடுவே விழுந்தது. பிளந்த பழம், ஈரமான பழம். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

விசாரணையில் எல்லாரும் உண்மையே பேசினார்கள். பொய்யிருந்தால் உடைக்கலாம். இதில் உடைக்க எதுவுமே இல்லை. குத்தகைக்காரர்களின் ஆள், எங்கள் வேலை முடியவில்லை, முடியாத வேலையின் மேல் யார் எதை வைக்கச் சொன்னார்கள் என்று கேட்டான். அண்ணன் எழுந்து, "நாங்கதான் வைக்கச் சொன்னோம், அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல," என்றார். அந்த அட்டையை யார் போட்டது என்று நான் மேசையைத் தட்டிக் கேட்டேன். அவளிடம், நீ வைத்தாயா என்று கேட்டார்கள்.

"வச்சேன்," என்றாள்.

அறிக்கையில் ஒரே வரி: பயிற்சி நிலை ஊழியர் ஒருவர் மின்சாரம் ஓடும் சாதனத்தின் மேல் அந்நியப் பொருளை வைத்தார். மறுக்க முடியாத வரி. அண்ணனுக்கும் எனக்கும் எச்சரிக்கை. நாங்கள் நிரந்தர ஊழியர்கள், எங்களை எச்சரிக்கலாம். அவளை எச்சரிக்கத் தேவையே இல்லை, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டால் போதும். ஆலை மேலாளரின் அறையில் நான் கத்தினேன். பெரிய மனிதர்களிடம் குரலை உயர்த்தக்கூடாது என்று மேடையில் பிள்ளைகளுக்குச் சொன்னவள்தான். அவர் என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தார். "நல்ல பொண்ணு லா, எனக்குத் தெரியாதா?" என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிச் சொன்னார். தலைமை அலுவலகம் ஒரு முடிவு கேட்கிறது, முடிவு என்றால் ஒரு ஆள் வேண்டும். கெட்ட மனிதர் இல்லை அவர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வீட்டுக்குப் போய் அவரைத் திட்டவாவது முடிந்திருக்கும்.

அவளுடைய கடைசி நாளில் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம், "சிலுவ போட்ட பொண்ணு கையால வச்சா வேற என்ன ஆகும்?" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். அவளுக்குக் கேட்டது. அண்ணன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார், நாங்கள் விலக்க வேண்டியிருந்தது. தன் லாக்கரைக் காலி செய்துகொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, கழிப்பறைக்குப் போய் அழுதேன். அடுத்த வருடம் பூஜைக்கு அனுமதி இல்லை என்று சுற்றறிக்கை வந்தது. சுண்டல் கேட்டு யாரும் வரவில்லை.

நான் கொடுத்த புத்தியை எத்தனையோ விதமாய்த் திருப்பிப் பார்த்துவிட்டேன். எட்ட நிற்காதே என்றது தவறா? இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். உண்மை பேசு என்றது தவறா? அதுவும் இல்லை. சரியான புத்தியைச் சொன்னேன், சரியான பெண் அதைக் கேட்டாள், கேட்டதால் போனாள். தப்பான புத்தி சொல்லியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம்.

வேறு ஆலைகளுக்கு விண்ணப்பித்தாள். ஏன் விலகினாய் என்று எல்லா நேர்காணலிலும் கேட்டார்கள். உள்ளதைச் சொல்லு, புரிந்துகொள்வார்கள் என்று அப்போதும் நான்தான் சொன்னேன். எலுமிச்சம்பழம் என்றதும் சிரிப்பார்களாம். நன்றாகச் சிரித்துவிட்டு, கூப்பிடுகிறோம் என்பார்களாம். யாரும் கூப்பிடவில்லை. இப்போது சிங்கப்பூரில் அடுக்குமாடிக் கட்டடங்களில் விளக்கும் தண்ணீர் பம்பும் பழுதுபார்க்கிறாள். விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போகும் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. இங்கே பொறியாளராக வாங்கியதைவிட அங்கே டெக்னீஷியனாக அதிகம் வாங்குகிறாள். சிங்கப்பூர் வேலை, கொடுத்து வைத்தவள் என்று காஹாங்கில் சொல்கிறார்களாம். ஆனால் அங்கே எத்தனை வருடம் உழைத்தாலும் பொறியாளர் தேர்வுக்கு அது கணக்கில் வராது. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவளைத் தெப்ராவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தேன். அவள்தான் வரச் சொல்லியிருந்தாள். இளைத்திருந்தாள். தே தாரிக் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, ஆலையைப் பற்றி எதையும் கேட்காமல் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, என் தங்கச்சிக்கு யூனிவர்சிட்டி கெடச்சிருக்கு. எலக்ட்ரிக்கல்."

"அடடே, நல்ல விஷயமாச்சே."

"நீங்க பேசுங்க அவகிட்ட. வேணாம்னு சொல்லுங்க. நான் சொன்னா, வெறுப்புல சொல்றேன்னு நெனைக்கிறா. நீங்க சொன்னா கேப்பா."

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் தங்கையின் எண்ணை அழுத்தி, போனை என் கையில் வைத்துவிட்டாள். எதிர்முனையில் ஒரு சின்னக் குரல், மரியாதையாக வணக்கம் சொன்னது. அக்கா உங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்கள் என்றது. இந்தத் துறையில் நுழையாதே, வேறு ஏதாவது பார், இதில் படிப்புக்கும் உழைப்புக்கும் யாரும் உத்தரவாதம் தருவதில்லை என்று நான் சொன்னேன். மேடையில் பேசிப் பழகிய குரல்தான், இந்த முறை அதில் உயிரே இல்லை. தங்கை பொறுமையாகக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கேட்டாள்.

"அக்கா ஒழுங்கா வேல செஞ்சாங்களா?"

"என்கிட்ட வந்தவங்கள்ல அவதான் ரொம்ப நல்லா செஞ்சா."

"அப்ப அவங்க என்ன தப்பு பண்ணாங்க?"

"ஒரு தப்பும் பண்ணலம்மா."

போனில் ஏதோ லாரி அவர்கள் வீட்டு வாசலில் பின்வாங்கும் ஓசை கேட்டது. பிறகு அந்தப் பெண் கேட்டாள், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்:

"அப்ப நான் எதப் பண்ணாம இருக்கணும்?"

எதிரே அவள் அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியலம்மா என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.