ஐப்பசியில் ஒரு சிவாலய நடை

மாசிச் சிவராத்திரிக்கு என் அப்பா உட்பட எங்கள் ஊர் ஆண்கள் காவி கட்டி, "கோவிந்தா, கோபாலா" என்று கத்தியபடி வரிசையாகப் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கும் ஓடுவார்கள்; சிவாலய ஓட்டத்தில் அதுதான் வழக்கம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன எனக்குக் கூட்டமும் கூச்சலும் ஒத்துவருமா? நானும் தோழிகள் மூன்று பேரும் அதே வழியில் ஐப்பசியில், சுடிதாரும் முதுகுப்பையுமாக, அமைதியாக நடப்பது என்று முடிவெடுத்தோம். அப்பா ஒரே நிபந்தனை வைத்தார்: யாராவது குறை சொல்லி ஒரு போன் வந்தாலும் அப்படியே பஸ் ஏறிவிட வேண்டும்.

திற்பரப்பைத் தாண்டியதும் தூரத்துச் சொந்தத்தில் அத்தை ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தினார். "ஏட்டி, பையும் தூக்கிட்டு எங்க? வீட்டுல சண்டையா?"

"கோயிலுக்கு நடக்கோம் அத்தை."

"பஸ்ஸு ஓடுதுல்லா?" என்றவர் நம்பியதாகத் தெரியவில்லை.

திருநந்திக்கரை வருவதற்குள் அப்பா அழைத்துவிட்டார். "யாருக்க கூட போற மக்கா? அத்தை அழுகா."

தியானம் போல அமைதியாக நடக்கிறோம் என்று விளக்கினேன்.

"கோவிந்தா போடாம நாலு பொம்பளப் பிள்ளைய ரோட்டுல போனா வேற என்ன நெனைப்பாவ? சத்தம் போடு. இல்லன்னா பஸ்ஸு ஏறு."

அடுத்த முக்கில் கத்தினோம். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து கும்பிட்டார்கள். இது மாசியா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருவர் மட்டும் என்னைக் காட்டி, "இந்தப் பிள்ளைக்குத்தான் சத்தம் போதாது" என்றார்.

நான் எந்தப் பரீட்சையிலும் கடைசியாக வந்ததில்லை. அங்கிருந்து பன்னிரண்டாவது கோயிலான திருநட்டாலம் வரைக்கும் முன்னால் நின்று கத்தியது நான்தான்.