பஸ்ஸுக்குள் ஒரு வரலாற்று வகுப்பு

ஷார்ஜாவில் ஒரு கல்லூரிக்கு நான் பஸ் ஓட்டிய காலம் அது. ஓட்டப் பந்தயத்துக்காகவே ஆப்பிரிக்கப் பிள்ளைகளை அழைத்து வந்து இலவசமாகப் படிக்கவைப்பார்கள். அவர்களில் இம்மானுவேல் என்ற பையனுக்கு முழங்கால் போய்விட்டது.

"இனி ஓட மாட்டான், கலாஸ், கதை முடிஞ்சுது. ஏர்போர்ட்ல விட்டுட்டு வா" என்றார் மேனேஜர்.

பையன் பெட்டியோடு ஏறி உட்கார்ந்தான். வண்டியைக் கிளப்பும்போது வரலாற்றுப் பேராசிரியை குறுக்கே வந்து நின்றார். நரைத்த தலை, அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி. விளையாட வந்த கறுப்பினப் பிள்ளைகளைப் படிக்கவைப்பதிலேயே ஆயுளைக் கழித்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். பின்னால் அவருடைய மாணவர்கள் எல்லோரும் நின்றார்கள்.

"பாய், இன்ஜினை நிறுத்துங்க. இன்னைக்கு கிளாஸ் இங்கதான்."

எல்லோரும் ஏறினார்கள். பெயர் கூப்பிட ஆரம்பித்தார். "இம்மானுவேல்?" அவன் பெட்டியைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அடுத்த பெயருக்குப் போகாமல் மறுபடியும் கூப்பிட்டார். அவன் அழுதுகொண்டே, "பிரசென்ட், மேம்" என்றான்.

பாடம் நடந்தது. என் செல்போன் அடித்தது. மேனேஜர். "இன்னும் கிளம்பலையாய்யா? ஃபிளைட் போயிடும்!"

என் விசாவே அந்த மேனேஜர் கையில்தான் இருந்தது. ஆனாலும், "உள்ள பாடம் நடக்குது சார், முடியட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்கே நம்ப முடியவில்லை.

விமானம் போய்விட்டது. அத்தனை மாணவர்களும் அவன் பக்கம் நின்றதால் நிர்வாகம் இறங்கிவந்தது. பிறகு அவன் பட்டமும் வாங்கினான்.

அன்று வகுப்பு முடிந்ததும், "ஒரு பெயர் விட்டுப்போச்சு" என்று பேராசிரியை என் பெயரைக் கேட்டு, உரக்கக் கூப்பிட்டார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என்னை அறியாமல் எழுந்து நின்று கைகட்டிச் சொன்னேன்:

"உள்ளேன் அம்மா."