கேட்டுக்கு வெளியே நின்றவர்

நெய்க்காரப்பட்டிக்கு அப்பால் பன்றிப் பண்ணை வைத்திருந்தவர் அவர். பன்றிக்காய்ச்சல் பேச்சு பரவிய ஒரு மழைக்காலத்தில், நிறையக் கேள்விகளும் லேசான இருமலுமாக அவரைப் பார்க்கப் போனேன். தலையில் மப்ளர், சிவந்த கண்கள், தூண் மாதிரி உடம்பு. கேட்டுக்கு வெளியே கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, இருமறீங்களா? அங்கயே நில்லுங்க."

"பன்றிகிட்டருந்து எனக்கு ஒட்டிக்குமோன்னு நான்ல பயந்துக்கிட்டு வந்திருக்கேன்!" என்றேன்.

"அதுக இருமுனா நமக்கு வரும். நாம இருமுனா அதுகளுக்கும் போகுமுங்க. வெந்த கறியில வாரதில்ல, மூச்சுல வாரது. எனக்கு நாலு நாளாக் காய்ச்சல். நாலு நாளா உள்ள காலே வெக்கல."

உள்ளே சினைப்பன்றி குட்டி போட்டுக்கொண்டிருந்தது. காய்ச்சல் இல்லாத அவர் மனைவி முகக்கவசத்தோடு தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அந்த அம்மாள் அலறினார்: "ஏனுங்க, ஒண்ணு மூச்சே உடலீங்க! ஓடியாங்க!"

அவர் எழுந்து ஓடினார். கேட்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். கதவைத் திறக்கவில்லை.

"நான் வரக்கூடாது புள்ள! வாயைத் தொடச்சு உடு. சாக்குல வெச்சு நெஞ்சைத் தேயி. நிறுத்தாத, தேயி!"

மழை ஓய்ந்த வயல்வெளி முழுக்கக் காதாகிக் கிடந்தது. அப்புறம், நூல் போல ஒரு கீச்சுக் குரல்.

அவர் சிரித்தார், சிரிப்போடு இருமல் வந்தது. கொட்டகை ஐம்பதடி தள்ளி இருந்தும், எதிர்ப்பக்கம் திரும்பி, முழங்கையில் வாயைப் புதைத்துக்கொண்டு இருமினார். எனக்காக யாரும் அப்படித் திரும்பி இருமியதில்லை. நானும் யாருக்காகவும் அப்படி இருமியதில்லை.